துரை கொடுத்த கடிகாரம்

போடிநாயக்கனூர்
14-8-1955

அன்புள்ள சோலை அண்ணனுக்கு,

தங்கை சந்திரவல்லி எழுதுவது. ஏலக்காய் எடுப்பில் தோட்டத்தில் லீவு கிடைக்காது என்பது தெரியும். ஆனாலும் அப்பா இல்லாத வீட்டில் என் கல்யாணத்துக்கு நீ வர முடியாது என்று கடிகாரத்தை மட்டும் அனுப்பியது மனசுக்கு ஆறவில்லை. துரை சீமைக்குப் போகும்போது உனக்குக் கொடுத்தது என்று ஆத்தா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

ஆள் உயரக் கடிகாரம், நாலு பேர் பிடித்து நிறுத்தினோம். தரை சரிவு என்பதால் நொண்டி நொண்டி அடித்தது. ஒரு பக்கம் மரச்சில் முட்டுக் கொடுத்ததும் சீரானது. ஆனால் ஒரு நாளைக்குக் கால்மணி பிந்துகிறது. சாயங்கால ரயிலை வைத்துத் தினமும் முள்ளைத் திருத்துகிறேன். முகூர்த்தம் 29ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஏழரைக்குள், அப்புறம் ராகுகாலம். என்ன செய்யட்டும்?

வல்லி

மலைத் தோட்டம்
27-8-1955

வல்லிக்கு,

மழையில் தபால் நின்று உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. இதை ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பெண்டுலத்தின் அடியில் ஒரு நட்டு இருக்கும். அதை இரண்டு சுற்று இறக்கிவிடு, வேகம் கூடும். ஊஞ்சல் கயிறு நீளமானால் எட்டிப் பாயுமல்லவா, அதே கணக்குதான். துரை செய்ததைப் பார்த்திருக்கிறேன். வேறு யாரையும் தொட விடாதே.

தீர்க்க சுமங்கலியாக இரு.

சோலை

போடிநாயக்கனூர்
9-10-1955

அண்ணனுக்கு,

மேட்டுச் சாலை வளைவில் ஜீப் உருண்டு என் வீட்டுக்காரர் போய் இன்றோடு பதினாறு நாள். அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன்.

நட்டை இறக்கினால் கடிகாரம் இன்னும் பிந்தும் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று தாலி கட்டும்போது முள் ஏழு இருபது. அதற்கு முன்பே ஏழரை வண்டி ஊதிப் போய்விட்டது. ரயில் இன்றைக்குச் சீக்கிரம் போகிறது என்று சிரித்தார்கள். அவருடைய சித்தப்பா தன் கைக்கடிகாரத்தையே நம் கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டார்.

முந்தின நாள் மருதாணிக் கையோடு நான் கடிகாரப் பெட்டிக்குள் கையை விட்டதைப் பார்த்தவர்கள் உண்டு. மேலே படிக்கணும் என்று கல்யாணத்துக்கு முன் அழுததையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறார்கள். "வேணும்னே ராகுகாலத்துல தாலி கட்ட வச்சு எம் மகன முழுங்கிட்டா" என்று என் மாமியார் மூக்கம்மாள் சொன்னார். ராகுகாலம் கொன்றதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரை நான் வேண்டித்தான் கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அவர் ஊர் ராசிங்காபுரத்தில் இதற்காக ஊர்க்கூட்டம். நீ வந்து, நான்தான் சொல்லிக் கொடுத்தேன், தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல். போதும்.

வல்லி

மலைத் தோட்டம்
12-10-1955

வல்லிக்கு,

உன்னை நினைத்துச் சோறு இறங்கவில்லை. ஆனால் புது முதலாளி என்னை இஞ்சின் கொட்டகைக்கு மேஸ்திரியாகப் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. நட்டை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாதவன் என்று பேர் வந்தால் என் பிழைப்பு போச்சு. ஊர் வாய் நாலு நாளில் ஓய்ந்துவிடும். நான் ஜீப்பில் அனுப்பிய அந்தக் கடிதத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிடு.

சோலை

போடிநாயக்கனூர்
15-10-1955

அண்ணனுக்கு,

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்வரை உனக்காகக் கூட்டம் காத்திருந்தது. பிறகு நானே எழுந்து, என் கைதான் செய்தது என்று சொல்லிவிட்டேன். இனி புகுந்த வீட்டுப் படியை நான் மிதிக்கக்கூடாது என்று தீர்ப்பு.

நீ கேட்ட கடிதம் இல்லை. உன்னை வரச் சொல்லி எழுதிய அன்றே அதை அடுப்பில் போட்டுவிட்டேன். கடிதத்துக்குப் பயந்து வந்தான் என்று யாரும் உன்னைச் சொல்லிவிடக் கூடாது, நீயாக வந்ததாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

சந்திரவல்லி