நீ மாற்றிச் சொன்ன சேனாதிபதி

போன வாரம் உன் புத்தகம் தபாலில் வந்தது. கண்ணை மூடுவதற்கு முன் என்னிடம் சேர்த்துவிடும்படி நீ சொன்னதாக உன் வீட்டுக்காரி எழுதியிருந்தாள். பொட்டலத்தைப் பிரித்ததும் பச்சைத் தேயிலை வாடும் மணம் எழுந்தது. இங்கே மீனாட்சிபுரத்தில் என் வீடு முழுக்கச் சாணமும் வைக்கோலும்தான் மணக்கும். அதை மீறி, கொழுந்தை வாட்டப் பரப்பும் எஸ்டேட் ஃபாக்டரி மாடி வந்து எதிரே நின்றது. நீ இறந்த செய்தி கேட்டு அழாதவன், அந்த மணத்துக்கு அழுதேன். எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

கப்பலேறிப் போன ஒரு துரை குப்பையில் எறிந்த புத்தகம் அது. ஆபீஸ் கிளார்க்கான நீ அதைப் பொறுக்கி வந்தாய். ஹங்கேரி தேசத்துப் பிரபு ஒருவரின் கதை. வியன்னாவிலிருந்த சக்கரவர்த்திக்குச் சேனாதிபதியாக இருந்தவர். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆகவே உன் வாய்தான் எனக்குப் புத்தகம். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் கூலிக் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் ஓடைப் பாறையில் உட்கார்ந்து நீ சொல்வாய். சிறுவயதிலேயே துருக்கியரோடு போருக்குப் போனது, வாள் சண்டையில் ஓர் இளவரசனையே கொன்றது, படிப்படியாகப் படைக்கே தலைவரானது எல்லாவற்றையும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

கடைசியில் அவர் சொந்த ஜனங்களே சக்கரவர்த்தியை எதிர்த்துக் கிளம்பினார்கள். அவர்களை அடக்கச் சொல்லி ஆணை வந்தது. அந்த இடத்தில் நீ பாறைமேல் எழுந்து நின்றாய். சக்கரவர்த்தி கொடுத்த வாளைத் தரையில் எறிந்துவிட்டுச் சேனாதிபதி தன் ஜனங்களோடு போய் நின்றார் என்றாய். எறிந்தும் காட்டினாய். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றிலிருந்து அந்த மனிதரை நினைத்தால் உன் முகம்தான் எனக்குத் தெரியும்.

பேச்சியம்மா விஷயத்தை நீ மறந்திருக்க மாட்டாய். எட்டு மாதக் கர்ப்பிணியை மேட்டுக் காட்டுக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். கூடைச் சுமையோடு சறுக்கி விழுந்தாள், பிள்ளை போயிற்று. படுத்துக் கிடந்த நாட்களைக் காரணம் காட்டி அவள் பேரையும் வேலைப் பதிவிலிருந்து அடித்துவிட்டார்கள். அவளைத் திரும்பச் சேர்க்கும்வரை வேலை இல்லை என்று நான்தான் முதலில் சொன்னேன்.

எங்கள் எஸ்டேட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஒவ்வொரு பெண்ணும் தன் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவாள். அவள் கூடையை அவளேதான் நிமிர்த்த வேண்டும், துரையே ஆனாலும் தொடக்கூடாது. களம் முழுக்கக் கூடைகள் குப்புறக் கிடக்க, நான் தொழிலாளர் அதிகாரிக்கு எழுதிய மனுவோடு தேவிகுளத்துக்குக் கிளம்பினேன். ரோட்டு வளைவு வரைக்கும் நீ கூடவே வந்தாய்.

"நீ போயி மனுவக் குடுத்துட்டு வா மாப்ளே. இங்கன ஒரு கூடை நிமிராது. நான் இருக்கேம்லா."

அதிகாரி முகாம் போயிருந்ததால் இரண்டு நாள் காத்துக் கிடந்தேன். மூன்றாம் நாள் திரும்பியபோது களம் காலியாக இருந்தது. மழையில் ஒரே ஒரு கூடை கவிழ்ந்து கிடந்தது. அது என் மனைவி செல்லத்தாயுடையது. அவள் அதன் பக்கத்திலேயே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நிமித்தச் சொல்லி உங்க கூட்டாளிதான் வந்தாக. எம் புருசன் வந்து சொல்லட்டும்னுட்டேன்."

நான் இல்லாத நேரம் பார்த்து நீ துரைக்கும் ஜனங்களுக்கும் நடுவே நின்று பேசி முடித்திருந்தாய். எல்லோரும் வேலைக்குத் திரும்பினால் யாருக்கும் தண்டனை இல்லை, என்னைத் தவிர. பேச்சியம்மாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. உன் வாசலில் வந்து நின்றேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், "உன் ஒருத்தனப் பாத்தா லயத்துல அடுப்பு எரியுமா மாப்ளே?" என்றாய். மூன்றே நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி எனக்குச் சீட்டு வந்தது. எழுத்து உன்னுடையது. பொங்கலுக்குத் துரை உனக்குக் கைக்கடிகாரம் கொடுத்தாராம். கழுத்தறுத்த கைக்குக் கடிகாரம் பொருத்தம்தான்.

இங்கே செல்லத்தாயின் அக்கா இருந்ததால் வந்து சேர்ந்தோம். இப்போது இரண்டு மாடுகள். பால் வாங்க வரும் ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் உன் புத்தகத்தைக் கொடுத்தேன். வாளை எறிந்த இடத்தைப் படித்துச் சொல்லச் சொன்னேன். அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, அப்படி ஒண்ணும் இதுல இல்லீங்களே."

இருந்தது வேறு. சேனாதிபதி தன் ஜனங்களைச் சக்கரவர்த்திக்காகவே அடித்து நொறுக்கினார். கலகக்காரர்களின் தலைவன் உதவி கேட்டு அயல்தேசம் போயிருந்தபோது, அவனுக்கு அடுத்தவனைப் பிடித்துப் பேசி முடித்தார். எல்லோரும் ஒரு வயலில் கொடிகளை நட்டுவிட்டு, விசுவாசமாக இருப்போம் என்று சத்தியம் செய்து வீட்டுக்குப் போனார்கள். தலைவன் கடைசிவரை ஊர் திரும்பவே இல்லை. சேனாதிபதிக்குக் கிழவயதில், பிறகு பட்டத்துக்கு வந்த மகாராணி தன் குதிரையையும் வாளையும் மோதிரத்தையும் அனுப்பி வைத்தாள். தலைவன் ஊரில் இல்லாத அந்தப் பக்கத்தில் மட்டும் பென்சில் கோடு இருப்பதாக வாத்தியார் சொன்னார்.

அந்தக் கோடு உன்னுடையது. களத்துக்குப் போகுமுன் போட்டாயா, பிறகு மனம் உறுத்திப் போட்டாயா? இதை அனுப்பி வைத்ததை மன்னிப்புக் கேட்டதாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நடமாட்டம் இருந்தபோதே நீ ஒரு நடை வந்திருக்கலாம். திட்டியிருப்பேன். திட்டிவிட்டுச் சோறும் போட்டிருப்பேன்.

என்னை வேலையிலிருந்து விரட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பாறைமேல் நின்று வாளை எறிந்தவனை நம்பித்தான் மொத்த ஜனத்தையும் உன் கையில் விட்டுப் போனேன். அப்படி ஒருவன் புத்தகத்திலேயே இல்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை. ஆனாலும் வாத்தியாரிடம் உன் முடிவைத்தான் சொன்னேன். எழுந்து நின்று, கையை வீசி, நீ சொன்ன மாதிரியே சொன்னேன்.

வாத்தியார் போனபின், புத்தகத்தில் என்னதான் போட்டிருக்கிறது என்று செல்லத்தாய் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. கடைசில எல்லாரும் கூடைய நிமித்திட்டாக."

"நாம நிமித்தலையே" என்றாள். பிறகு கொல்லைக்குப் போய், கோழிக்குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, மலையிலிருந்து சுமந்து வந்து கவிழ்த்தே வைத்திருந்த அந்தக் கூடைக்கு அடியில் விட்டாள்.