வலைக்கு அந்தப் பக்கம்

பெங்களூர்
16.8.2005

அன்புள்ள லூர்துமேரிக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நலம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா?

குற்றமும் தண்டனையும் பற்றிய அருங்காட்சியகத்துக்கு விளக்கப் பலகைகள் எழுதுகிறேன். இன்று ஒரு வேடிக்கை. ஜெயிலில் மனு போட்டுக் கைதியைப் பார்க்கும் கூடத்தை, இரட்டைக் கம்பிவலையோடு அப்படியே கட்டியிருக்கிறார்கள். அதை வடிவமைத்த வினோதினி, "சார், நீங்க கைதி. நான் உங்க அம்மா. உள்ள போய் நில்லுங்க" என்றாள்.

"என் பேத்தி வயசுல அம்மாவா?" என்று சிரித்துக்கொண்டே போனேன்.

அவளுக்கு என் முகம் தெரிந்ததாம். வெளிச்சம் அவள் முதுகுப் பக்கம் இருந்ததால் எனக்கு அவள் வெறும் நிழல். வகுப்பில் சன்னலை மறைத்து நிற்கும் பிள்ளையின் முகம் நமக்குத் தெரியாதே, அதுபோல.

லூர்து, ஜெயிலுக்கு நம் மகன் சகாயத்தைப் பார்க்கப் போனால் பேச்சு வராமல் அவன் முகத்தையே பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாய். அவனோ எனக்கு, "அம்மா பேசாமலே போறாங்க. அவங்களே என்னை நம்பலன்னா, நான்தான் கொன்னேன்னு கோர்ட்ல ஒத்துக்கிறேன்" என்று எழுதியிருக்கிறான். உன் கண்ணீர் அவனுக்குத் தெரியவே இல்லை.

திங்கட்கிழமை கோர்ட். எனக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் கூரியரில் அனுப்புகிறேன். சனிக்கிழமை போ. இதோடு அனுப்பும் என் கம்பளியை அவனுக்குக் கொடு, இங்கே குளிரே இல்லை. வலையை ஒட்டி நின்று, "நீ செய்யலடா சகாயம்" என்று கத்து. சுற்றி எத்தனை பேர் இருந்தாலும் வெட்கப்படாதே. அவன் பதில் சொல்லும்வரை கத்து.

கூரியர் பையன் வந்துவிட்டான்.

உன்,
அந்தோணிசாமி