பின் அடித்த பக்கம்

பிளஸ்ஸி அப்பாவுக்கு,

நேரில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதி, சாப்பாட்டுப் பையில் வைக்கிறேன். சிறுசேரி ஆபீஸ் போய்ப் படியுங்கள்.

பள்ளியில் நடந்த கூட்டத்தில் பெற்றோர் சங்கத் தலைவராக எழுந்து நின்று, "ப்ளஸ் ஒன் பிள்ளைங்க பாக்குற படமா இது? அசிங்கம்!" என்றீர்கள். கலை வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கும் மேலாடை இல்லாத யட்சி சிலையைத்தான். பிரின்சிபால் தலையாட்டிவிட்டு, அந்தப் பாடத்தை நடத்துகிற என் கையிலேயே ஸ்டேப்ளரைக் கொடுத்தார். எல்லாப் புத்தகத்திலும் அந்தப் பக்கத்தை மூடிப் பின் அடித்தேன். நம் மகள் புத்தகத்திலும்தான்.

அதற்கு முந்தின வாரம் அதே படத்தைப் பார்த்து, "மிஸ், கல்லுல எப்டி இவ்ளோ பளபளப்பு வருது?" என்று கேட்ட பையன்கள், பின் அடித்த மறுநாள் பக்கத்துக்குள் ஸ்கேலை நுழைத்து எட்டிப் பார்த்து இளித்தார்கள். அந்த இளிப்பை வகுப்புக்குள் கொண்டுவந்தது நீங்கள். உங்களுக்குச் சாப்பாடு கட்டவே அருவருப்பாக இருக்கிறது.

இன்றைக்கு எல்லாப் பின்னையும் பிடுங்கப்போகிறேன். பிரின்சிபாலிடம் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளஸ்ஸி நைட்டியோடு ஹாலில் உருண்டுகொண்டு படிக்கிறவள். இப்போதெல்லாம் கீழே உங்கள் பைக் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடிப்போய்த் துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொள்கிறாள். நேற்று, "வீட்டுக்குள்ள எதுக்குடி இது?" என்று கேட்டேன்.

"அப்பா வர்றாரும்மா" என்றாள்.

பிளஸ்ஸி அம்மா