வெயிலில் வெளுத்த உங்கள் குப்பி

என் அருமை அண்ணி,

வீட்டில் எல்லோரும் சுகம். அண்ணன் தானே சமைக்கப் பழகிவிட்டார். ரசத்தைத்தான் இன்னும் வாயில் வைக்க முடியவில்லை. இதைச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. மற்றதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது.

சூளகிரிக் கம்பெனியில் நாம் இருவரும் வேலை பார்த்த லேபுக்குள் நுழையவே எனக்கு மனமில்லை. நீங்கள் கடைசியாகச் செய்து வைத்த போர்பிரின் குப்பியைப் பாழாக்கிவிட்டார்கள்.

இலையின் பச்சைக்கும் ரத்தத்தின் சிவப்புக்கும் உறவான பொருள் அது என்பீர்கள். அந்த மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்தால், ஒன்று பிடிக்கும் வெளிச்சம் அடுத்ததற்குப் போய், கடைசியில் இருப்பது சிவப்பாக ஒளிரும். "பந்தியில சாம்பார் வாளி கைமாறுற மாதிரிதான் புள்ள, நடுவுல யாரும் சிந்தக்கூடாது" என்று சிரிப்பீர்கள். ஆனால் காற்றும் வெயிலும் சேர்ந்து பட்டால் அதுவே வெளுத்துப்போகும். அதனால்தான் அலுமினியத் தாள் சுற்றி அலமாரியில் பூட்டி வைத்தீர்கள்.

ஆயுத பூஜையன்று மெஷின், தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார்கள். மேனேஜர் உங்கள் குப்பியை எடுத்துத் தாளை உரித்து, பொட்டு வைத்து, ஜன்னலோரம் உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"வேணாம் சார், வெளுத்துடும்" என்றேன்.

"வெயில்ல வேலை செய்யுற சாமான்தானேம்மா? நல்லா சார்ஜ் ஆகட்டும்."

எடுக்கப் போனேன். பூஜையில் வைத்ததை மறுபூஜை போடாமல் தொடக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து தடுத்தார்கள். கதவைப் பூட்டி லீவு விட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் கழுநீர் நிறத்தில் நிற்கிறது.

அதோடு விட்டார்களா? மறுநாள் பெங்களூரிலிருந்து வாங்குகிறவர்கள் வந்தார்கள். அதற்குள் மேனேஜர் பிங்க் ஹைலைட்டர் பேனாவை உடைத்து, மையைத் தண்ணீரில் கரைத்து, என்னைக் கொட்டச் சொல்லிக் காலியாக்கிய உங்கள் குப்பியில் ஊற்றிவிட்டார். ஊதா விளக்கைக் காட்டியதும் அதுவும் பளபளத்தது. வந்தவர்கள் கைதட்டினார்கள். இவர் உங்கள் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீ, என்ன மனிதர் அண்ணி இவர்?

அவர்கள் போனதும் கேட்டேன். "சாம்பிள் எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணா என்ன சார் பண்ணுவீங்க?"

"ஃபெயில் ஆனா, அந்தம்மா சரியா செய்யலேன்னு சொல்லிட்டாப் போச்சு. அவங்கதான் இல்லையே, யாரு வந்து கேக்கப்போறா?"

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் படத்துக்கு மாலை போட்ட அதே கைதானே அந்த மையையும் ஊற்றியது? நீங்கள் இருந்திருந்தால் அவரை என்ன செய்திருப்பீர்கள்? ஒன்றும் செய்திருக்கமாட்டீர்கள். உங்களுக்குச் சண்டையே வராது.

கல்யாணமாகி வந்த புதிதில் என்னைக் கிண்டல் செய்வீர்களே: "நாத்தனார்னா சண்டைக்காரின்னு பயமுறுத்தி அனுப்புனாங்க. நீ என்ன, வாயில்லாப் பூச்சியா இருக்க?"

திங்கட்கிழமை சாம்பிள் எடுக்க வருகிறார்கள். மேனேஜர் கொட்டச் சொன்ன வெளுத்த திரவத்தை வேறொரு குப்பியில் பிடித்து வைத்திருக்கிறேன். இரண்டையும் அவர்கள் முன்னால் வைத்து, எது உங்களுடையது, அதை யார் வெயிலில் வைத்தது, எது பேனா மை என்று சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும். நீங்கள் செய்த அதே முறையில் அதை மறுபடி செய்ய எனக்குத் தெரியும். உங்கள் பேரில் அந்தப் பழி விழ விடமாட்டேன், அண்ணி.

யார் வந்து கேட்பார் என்றாரே, அவரிடம் கேட்கப் போகிற
உங்கள் நாத்தனார்