அந்த இடத்தில் அவள் கத்த மாட்டாள்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் கொல்லையில் பிளாஸ்டிக்கைக் கொளுத்தினார். உடைந்த பக்கெட், ஒடிந்த நாற்காலி, கூடவே ஏதோ கறுப்பு ஷீட். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்றம் மதிலைத் தாண்டி சமையலறைக்குள் நுழைந்ததும் என்ன செய்தேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. ஒரு குடம் தண்ணீரோடு மதிலருகே நின்றுகொண்டிருந்தேன். நெருப்பின்மேல் அதை வீசிக் கொட்டிவிட்டு, அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தேன். "சேச்சி, எந்து பற்றி? வேஸ்ட் அல்லே கத்திச்சது?" என்று அவர் பயந்துபோய் மலையாளத்தில் கேட்டார், குப்பையைத்தானே கொளுத்தினேன் என்று. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே வந்தேன். தோசை கருகியிருந்தது.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, மதி. இதை உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கல்லூரியில் நாம் ஒரே பெஞ்சு. நீ சாலைக் கடைத்தெருவில் குழாயும் ஆணியும் விற்கிற திருநெல்வேலிக்காரர் மகள். நான் கோட்டைக்குள் ஒரு தெருவில், கோவில் அலுவலகத்தில் வேலை பார்த்தவரின் மகள். உன் அப்பாவின் கடைக்கு வரும் கோவளத்து லாட்ஜ்காரர் ஒருவர், வெள்ளைக்காரர்கள் அறையில் விட்டுப்போன இசைத்தட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு உனக்குக் கொடுத்தார். உங்கள் வீட்டில் ரிக்கார்டு பிளேயர் கிடையாது. எங்கள் வீட்டில் உண்டு. அப்பா கச்சேரி கேட்பதற்காக வாங்கியது. ஒரு மத்தியானம் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாய். "ஏட்டி, இதுல என்ன இருக்குன்னு பாத்துருவோம்."

உறைகளில் கறுப்பு மனிதர்களின் முகங்கள். மண்டியிட்டு அழுகிற ஒருவன், ஒரே மாதிரி உடுத்திய மூன்று பெண்கள், தனியாக ஒருத்தி. சோல் இசை என்று போட்டிருந்தது. "ஆன்மான்னு பேரு வச்சிருக்கான் பாரு, என்ன தைரியம்!" என்றாய். தனியாக இருந்தவளின் தட்டை முதலில் வைத்தோம். அவள் வாயைத் திறந்ததும் அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள்.

"ஏண்டி, யாரை இந்தப் பொம்மனாட்டி இப்படி ஏசறா?"

"அவ புருஷனை, மாமி."

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். "அப்போ சரி. நன்னா ஏசட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று தொடங்கியது. வேறு பிள்ளைகள் சினிமாவுக்குப் போன மத்தியானங்களில் நாம் அவளைக் கேட்டோம். அவள் எந்த ஊர்க்காரி என்று அட்லஸில் தேடினோம். மாதாகோவிலில் பாடி வளர்ந்தவள் என்று உறையின் பின்பக்கம் எழுதியிருந்தது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு நமக்கு மனப்பாடம். சொற்கள் மட்டுமல்ல, மூச்சும். டிரம்ஸ்காரன் ஒரு இடத்தில் அரை நொடி முந்துவான். பித்தளை ஊதுகுழல்கள் இரண்டு முறை உறுமிவிட்டு விலகிவிடும். முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்றுபோகும். மெல்லிசாக ஓர் ஆர்கன் மட்டும். அவள் கத்தப்போகிறாள் என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்போம். அவள் கத்த மாட்டாள். மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ரகசியம் பேசுவதுபோல அடுத்த வரி. "இவ்வளவு நேரம் கத்தினதைவிட இதுல்ல பயமா இருக்கு" என்பாய் ஒவ்வொரு தடவையும்.

உனக்குக் கல்யாணம் ஆனபோது அப்பா அந்த பிளேயரையே உனக்குச் சீராகக் கொடுத்தார். கரமனையில் வீடு. உன் புருஷன் கட்டட கான்டிராக்டர். பார்த்தால் மரியாதையான மனிதன், குனிந்துதான் பேசுவான். முதல் இரண்டு வருஷம் நீ கோட்டைக்கு அடிக்கடி வந்தாய். பிறகு வருவது குறைந்தது. வந்தாலும் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு உட்கார்ந்தாய். கேட்டால், "குளிமுறியில, சோப்புத் தண்ணியில வழுக்கிட்டேன்" என்பாய்.

ஓண விடுமுறையில் ஒரு நாள், அம்மா செய்த முறுக்கை எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். தெருமுனையிலேயே பாட்டு கேட்டது. நம்முடைய பாட்டு. காது கிழிகிற சத்தம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அவிடே எப்போழும் பாட்டாணு." அந்த வீட்டில் எப்போதும் பாட்டுதானாம்.

கேட்டைத் திறந்தேன். குழல்கள் உறுமின, விலகின. வாத்தியங்கள் நின்றன. ஆர்கன் மட்டும். அந்த மூச்சுக்காக நான் காத்திருந்தேன்.

ஒரு அலறல் கேட்டது.

என் கையிலிருந்த டப்பா கீழே விழுந்தது. அந்த இடத்தில் அவள் கத்த மாட்டாள். எத்தனை நூறு தடவை கேட்டிருக்கிறேன்! அது அவளல்ல. அது நீ.

முன்கதவு தாழிட்டிருந்தது. வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் ஓடினேன். அடுக்களைக் கதவை என் தோளால் இடித்தேன். மூன்றாவது இடியில் கொண்டி பிய்ந்தது. கூடத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவன் உன் தலைமயிரை இடது கையில் சுற்றிப் பிடித்து, உன் முகத்தைச் சுவரோடு அழுத்தியிருந்தான். உன் வலது கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் மடங்கித் தொங்கியது. சுவரில் ரத்தம் இழுபட்டிருந்தது. அவன் முகத்தில் கோபமே இல்லை. ஆணி அடிக்கிறவன்போல நிதானமாக இருந்தான். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"விடுடா அவளை!"

திரும்பிப் பார்த்தான். "குடும்ப விஷயத்துல நீ யாரு?" என்று கேட்டுக்கொண்டே வந்து, கையை வீசி என் காதோடு சேர்த்து அறைந்தான்.

உள்ளே ஏதோ வெடித்தது. விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், விலாவில் மிதித்தான். ஒரு பக்கம் உலகம் அணைந்துபோய்விட்டது. மறுபக்கத்தில் அவள் பாடிக்கொண்டே இருந்தாள். அவனுடைய கணுக்காலைக் கட்டிப்பிடித்துக் கடித்தேன். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அவனுடையதா என்னுடையதா தெரியவில்லை. அவன் இரண்டாம் தடவை காலைத் தூக்கியபோது நீ வந்தாய். கொல்லையில் தேங்காய் உரிக்க நட்டிருந்த பாரையைப் பிடுங்கி, ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு வந்தாய். அவன் முழங்காலில் இறக்கினாய். எலும்பு நொறுங்கியது எனக்கு ஒரு காதில் கேட்டது. அவன் அலறினான். இன்னொரு தடவை ஓங்கினாய். "மதி! போதும்! செத்துருவான்!" என்று நான் கத்தியிருக்காவிட்டால் நிறுத்தியிருக்க மாட்டாய்.

தட்டு முடிந்து முள் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எதிர்வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

ஆஸ்பத்திரியில் உன் கைக்குக் கட்டுப் போட்டார்கள். என் இடது காது திரும்பி வராது என்று டாக்டர் சொன்னார். பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் சொன்னாய். "அவன் பாட்டை வச்சுட்டுத்தான் அடிப்பான் ஏட்டி. நான் கத்தினாலும் அவதான் கத்துதான்னு தெருவுல நினைச்சுக்குவாங்க. தட்டைப் பெட்டியிலேர்ந்து என்னையவே எடுத்துத் தரச் சொல்லுவான்."

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் அவனுடைய ஆட்கள் முந்திக்கொண்டார்கள். நீதான் அவனைக் கொல்லப் பார்த்தாய் என்று புகார். இன்ஸ்பெக்டர் உன்னைத் துருவி விசாரித்துக்கொண்டிருந்தபோது அம்மா நடுவில் புகுந்தாள்.

"நான்தான் அடிச்சேன். எழுதிக்கோங்கோ."

"அம்மே, நிங்ஙள் அவிடே உண்டாயிருந்நில்லல்லோ."

"இருந்தா அடிச்சிருப்பேன். அதனால எழுதிக்கோங்கோ."

அந்த மனிதர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தார். பிறகு உன் கட்டையும் என் தலைக் கட்டையும் பார்த்தார். உன் புகாரைத்தான் முதலில் எழுதினார்.

உன் துணிகளை எடுக்க ஒரு கான்ஸ்டபிளோடு கரமனைக்குப் போனோம். கொல்லையில் புகைந்துகொண்டிருந்தது. அவன் தம்பியை விட்டு அத்தனை தட்டுகளையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தியிருந்தான். மூன்று பெண்களும், மண்டியிட்டு அழுதவனும், அவளும் உருகி ஒரே கறுப்புக் கட்டியாகியிருந்தார்கள். நீ அதற்குள் கையை விட்டாய். உன் தோள்களைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். விரல்கள் கொப்பளித்துவிட்டன. நீ அழவில்லை. "கொளுத்தட்டும்" என்றாய். "எனக்கு அவ ஏற்கெனவே செத்துட்டா."

கேஸ் இழுத்தடித்தது. அவனுக்குக் கிடைத்த தண்டனை கொஞ்சம்தான். உனக்கு விவாகரத்து கிடைத்தது. உன் அப்பா கடை மாடியில் இரண்டு அறைகளை ஒழித்துக் கொடுத்தார். கடைக்கணக்கையும் ஆட்களையும் நீயே பார்க்கத் தொடங்கினாய். பாட்டு மட்டும் இல்லை. டீக்கடை ரேடியோவில் எந்தப் பெண் குரல் உயர்ந்தாலும் எழுந்து போய்விடுவாய். நானும் உனக்குத் தெரியாமல்கூட எதையும் கேட்கவில்லை. நம் இருவருக்கும் சேர்த்து அல்லவா அவன் கொளுத்தியிருந்தான்.

பல வருஷம் கழித்துக் கொச்சியில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தத் தட்டைப் பார்த்தேன். அதே உறை, அதே முகம். வாங்கிக்கொண்டு நேராக உன் மாடிக்கு வந்தேன். உறையைப் பார்த்ததும் கையிலிருந்த டீ டம்ளரை என்மேல் எறிந்தாய். நெற்றியில் பட்டது. "வெளிய போ! அதை எடுத்துட்டுப் போ!" என்று கத்தினாய். நானும் கத்தினேன். "அவன் எடுத்துட்டுப் போனது போறும். இதையும் அவனுக்கே குடுக்கப்போறியா?" கீழே கடைப்பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். தட்டைப் படியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மாதம் ஒன்றுகூட ஆகியிருக்காது, போன் செய்தாய். "ஒரு பிளேயர் வாங்கியிருக்கேன். வாட்டி."

நான் வந்தபோது கதவு, சன்னல் எல்லாவற்றையும் அகலத் திறந்து வைத்திருந்தாய். சாலைத் தெருவின் இரைச்சல், மூட்டை இறக்குகிறவர்களின் சத்தம், மிளகாய் நெடி, எல்லாம் உள்ளே வந்துகொண்டிருந்தன. முள்ளை வைத்துவிட்டு நின்றாய். உட்காரவில்லை. குழல்கள் உறுமின, விலகின. வாத்தியங்கள் நின்றன. ஆர்கன். மேசை விளிம்பைப் பிடித்த உன் விரல்கள் வெளுத்துப்போயின. அவள் மூச்சை இழுத்தாள். அவ்வளவுதான். ரகசியமாக அடுத்த வரி.

"பாத்தியா," என்றாய். "அங்க நான் இல்ல ஏட்டி. அவ மட்டும்தான் இருக்கா."

பிறகு மேசையில் முஷ்டியால் குத்திக் குத்தி அழுதாய். ஓய்ந்ததும் மறுபடி வைத்தாய். என் வலது காது ஸ்பீக்கரைப் பார்க்கும்படி என்னைத் திருப்பி உட்கார வைத்து, "பழைய மோனோ ரிக்கார்டு, ரெண்டு காதுக்கும் ஒண்ணுதான். உனக்குன்னே பண்ணி வச்சிருக்கான்" என்றாய். இருவரும் சிரித்த சிரிப்பில் கீழே மூட்டை தூக்கியவன் நின்று பார்த்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தட்டாகத் தேடிப் பிடித்தாய். வெளிநாட்டுக்குப் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு நர்ஸ், ஒரு ஆட்டோக்காரர், செக்ரட்டேரியட்டில் வேலை பார்க்கிற இருவர். உன் மாடியில் ஒரே விதி. பாட்டு ஓடும்போது கதவு திறந்திருக்க வேண்டும். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

உன் தலைக்குள் ஒரு நரம்பு வெடித்து, ஒரே பகலில் எல்லாம் முடிந்தது. உன்னை மாடியில் கிடத்தியிருந்தபோது அவன் வந்தான். கிழவனாகியிருந்தான். ஊன்றுகோலும் கையில் ஒரு மாலையும். "ஒரு மாலை போட்டுட்டுப் போயிருதேன்" என்றான் அதே பணிவோடு. நான் படியில் நின்றுகொண்டேன். அந்த மாலையைப் பிடுங்கி அவன் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டேன். "உன் கை இனி அவமேல படாது." அவன் ஊன்றுகோலை ஓங்கினான். ஆட்டோக்காரர் அதைப் பிடித்து முறுக்கி வாங்கிச் சாக்கடையில் எறிந்தார். நர்ஸும் மற்றவர்களும் எனக்குப் பின்னால் படி முழுவதும் நிரம்பி நின்றார்கள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டே நொண்டிப் போனான். எனக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்றும் தோன்றவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்த வீட்டிலிருந்து உரக்கப் பாட்டு கேட்டாலும் கால் நின்றுவிடுகிறது. எந்தப் பாட்டாக இருந்தாலும் சரி. வலது காதைத் திருப்பி, பாட்டுக்கு அடியில் வேறு குரல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன். போன வாரம் ஒரு அடுக்குமாடியில் இரண்டாம் மாடி அதிர்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பெண் கத்தினாள். அந்தப் பாட்டு எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் கத்துவார்களா என்றும் தெரியாது. ஏறிப்போய்க் கதவை இரண்டு கையாலும் அடித்தேன்.

இருபது வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். வேர்த்திருந்தாள். பின்னால் அவளுடைய தோழிகள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"எந்தா ஆன்ட்டி? சவுண்டு கூடுதலாணோ?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கைகளைப் பார்த்தேன். தோளைப் பார்த்தேன்.

"இல்லம்மா. பாட்டு நன்னா இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."