பொம்மை யாருடையது

என்னங்க,

காலை ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன். களி குண்டானில் மூடியிருக்கிறது, கொள்ளுக் குழம்பைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் அக்கா காவேரிப்பட்டினத்திலிருந்து பதினோரு மணிக்கு வந்துவிடுவார்.

அரிசி எடுக்கப் போனபோது டிரம்முக்குப் பின்னால் என் போர் ரோபோ பொம்மை கிடந்தது. இடது கால் உடைந்திருக்கிறது. மூன்று வாரமாக அதற்குப் பெயின்ட் அடித்தேன். சண்டையில் அடிபட்டது போலத் தெரிய, மூட்டுக்கு மூட்டு துரு நிறம் தொட்டு வைத்தேன். அது நிற்கும் தரைக்காகப் பர்கூர் கிரானைட் தூளைச் சலித்து ஒட்டினேன். பசை காய்வதற்குள் தூக்கி ஒளித்துவிட்டீர்கள்.

கால் உடைந்ததுகூடப் பெரிதில்லை. நேற்று வீடியோ காலில் உங்கள் அக்கா, "அங்க என்னடா பொம்மை?" என்று கேட்டதும் நீங்கள் சொன்னது அடுப்படி வரை கேட்டது. "பக்கத்து வீட்டுப் பையனோடதுக்கா, வெச்சிட்டுப் போயிட்டான்."

ஃபேக்டரியில் தினம் நூறு சர்க்யூட் போர்டு என் கைவழியாகப் போகிறது. ஒன்றும் என்னுடையது இல்லை. நானே செய்தது இது ஒன்றுதான். அதையும் யாரோ ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டீர்கள். முப்பத்தாறு வயதுப் பெண்டாட்டி ரோபோவுக்குப் பெயின்ட் அடிப்பது அவ்வளவு கேவலமா?

உடைந்த காலை ஒட்டி, ரோபோவை ஷோகேஸில் வைத்திருக்கிறேன். தொடாதீர்கள்.

சுஜாதா

சாவியை மீட்டர் பெட்டிமேல் வையுங்கள்.

இன்னொன்று. அக்கா கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். வாய் வரவில்லையென்றால் விடுங்கள், மூன்று மணிக்கு வந்து நானே சொல்கிறேன். அப்போது எழுந்து வெளியே போகாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.