தைத்தவளே பிரிக்க வேண்டும்

கோவில்பதாகை, ஆவடி
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஷர்மிளா அக்காவுக்கு,

எழில் எழுதுகிறேன். அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உனக்கும் புனேயில் சளி, இருமல் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று முதலில் எழுதச் சொன்னாள் அம்மா. கோபம் வேறு, உடம்பு வேறு என்றாள். இது அம்மாவின் கடிதம்தான். கன்னியம்மா அத்தை வீட்டு மாடியில் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், அவள் சொல்லாமல் விடுவதையும் சேர்த்துக்கொள்கிறேன். அவளுக்கு எழுதத் தெரியாதா என்று கேட்காதே. நான்தான் எழுத வேண்டும் என்று உட்கார வைத்திருக்கிறாள், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்பாவுக்கு இந்த வாரம் காலை ஷிப்ட். முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடக்கிறேன் என்று கிளம்பிப் போய் பாதி வழியில் டீக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார். எனக்குக் காலாண்டுத் தேர்வு அடுத்த மாதம். படிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் இணையப் பக்கத்தில் 'நீங்கள் கேள்விப்படாத பத்துப் பெண்கள் உடை பிராண்டுகள்' என்று நீ எழுதினாயே, அதில் ஏழாவதாக அம்மாவும் கன்னியம்மா அத்தையும் நடத்தும் நம் 'ரெண்டு பாக்கெட்' வந்திருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். வாத்தியார் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது மேசைக்கு அடியில் பார்த்தேன், அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சாயங்காலம் மாடிக்கு ஓடிவந்து, ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டினேன். கன்னியம்மா அத்தை வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள். "அம்மாடி, ஊரு ஒலகமெல்லாம் நம்ம பேரு போயிட்சிடி புஷ்பா" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே போய் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கி வந்தாள். ஆனால் அக்கா, நான் முழுதாகப் படிக்கவில்லை. நாலு வரியைத் தாண்டிவிட்டேன். படித்தால் அம்மாவின் முகம் மாறும் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து மெசேஜ்கள் வர ஆரம்பித்தன. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஒருத்தி, கையால் தைத்தது என்கிறீர்களே, தையல் ஏன் இவ்வளவு நேராக இருக்கிறது என்று கேட்டாள். அம்மாவுக்குப் புரியவில்லை. நேராக இல்லையென்றால்தானே கேட்க வேண்டும் என்றாள். இருபத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் ராணுவச் சட்டை தைத்தவள், அங்குலத்துக்குப் பத்துத் தையல், ஒன்று கூடினாலும் குறைந்தாலும் துணி திரும்பி வந்துவிடும் என்று உனக்கும் எனக்கும் சோறு ஊட்டும்போதே சொன்னவள். இன்னொருத்தி சீட்டைப் பற்றிக் கேட்டாள். இடது பாக்கெட்டுக்குள் அம்மா குத்தி வைப்பாளே வெள்ளைச் சீட்டு, உடையின் எண், தைத்தவர் எண், சோதித்தவர் கையெழுத்து, அதுதான். தொழிற்சாலையில் இருந்த அதே 214-ஐ அம்மா இங்கேயும் வைத்துக்கொண்டாள். கன்னியம்மா அத்தைக்கு 215 கொடுத்தாள். "ஜெயில்ல குடுக்கறா மாதிரி எனக்கும் ஒரு நம்பரு" என்று அத்தை அன்றைக்கே கிண்டல் செய்தாள். அந்தச் சீட்டை நீ 'உருவாக்கியவளின் ரகசிய அன்புக் குறிப்பு' என்று எழுதிவிட்டாய். அந்தப் பெண் 214 என்றால் பிப்ரவரி பதினான்கு, காதலர் தினம் என்று கண்டுபிடித்து, இதற்குப் பின்னால் என்ன காதல் கதை என்று கேட்டிருந்தாள். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "யாருடி அவன், எனக்குத் தெரியாம" என்று அம்மாவை இரண்டு நாள் ஓட்டினார். சிரித்தோம். ஆனால் மூன்றாவதாக ஒரு அம்மாள் குர்த்தாவையே திருப்பி அனுப்பினாள். அதில் சீட்டு வழியில் விழுந்துவிட்டதாம், அன்புக் குறிப்பு இல்லாத உடை வேண்டாமாம். அம்மா அந்தக் குர்த்தாவை மேசையில் விரித்து உள்ளும் புறமும் ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. தப்பே இல்லாத துணி அவள் கைக்குத் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகுதான் போன சனிக்கிழமை, நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். முகப்பேரிலிருந்து காரில். கீழே செல்போன் ரீசார்ஜ் கடை, பக்கவாட்டில் இரும்புப் படி, மேலே மூன்று மெஷின், மூன்று ஃபேன். படியேறி வந்து நின்றதும் அவர்கள் முகம் விழுந்துவிட்டது. நிஜமான இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். இதுதான் என்றோம். சரி, கன்னியம்மா அத்தையைத் தரையில் உட்கார வைத்துக் கையில் ஊசி நூலோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றார்கள். "தரையில குந்திட்டேன்னா அப்பறம் என்னிய யாரு எழுப்பறது, நீ எழுப்புவியா? மேல குந்திகினே எடு கண்ணு, மூஞ்சி அதேதான்" என்றாள் அத்தை. அதில் ஒருத்தி தமிழ்ப்பெண், நல்ல பெண்தான், சமாளிப்பதற்காக நீ எழுதியதைப் போனில் எடுத்துப் படித்துச் சொன்னாள். நான் தாண்டிய நாலு வரியையும் அவள் தாண்டவில்லை. ஊருக்கு வெளியே மங்கிய விளக்கொளியில் தைக்கும் படிப்பறியாத இரண்டு பெண்கள். ரகசிய அன்புக் குறிப்பு. மறைந்துகொண்டிருக்கும் கைத்தையல். எல்லாவற்றுக்கும் முன்னால், இவர்களை ஒரு நாள் தற்செயலாகக் கண்டெடுத்தேன் என்று நீ எழுதியிருந்தது. கன்னியம்மா அத்தைதான் முதலில் பேசினாள். "இன்னாமே இது, எட்டாங்கிளாஸ் பாஸு நானு, கணக்குல எழுவத்தாறு மார்க்கு. என்னிய போய் படிப்பறியாதவன்னு எய்திக்கீது ஒம்பொண்ணு" என்றாள். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் பெண்ணா என்று அம்மாவைக் கேட்டார்கள். அம்மா குர்த்தாக்களை எடுத்து அவர்கள் முன்னால் விரித்தாள். ஆளுக்கு ஒரு குர்த்தா எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மா அழவில்லை. உட்கார்ந்து பாபினில் நூல் சுற்ற ஆரம்பித்தாள், ஒன்று நிரம்பியதும் அடுத்தது என்று இருந்த பாபின் அத்தனையிலும் சுற்றினாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, அன்றைக்கு இதை ஏன் படிக்கவில்லை என்று கேட்டாள்.

அன்றைக்கே உனக்குப் போன் போட்டோம், உனக்கு நினைவிருக்கும். சொந்த அம்மா என்று எழுதினால் விளம்பரம் என்பார்கள், கதை இருந்தால்தான் ஜனங்கள் வாங்குவார்கள் என்று நீ சொன்னாய். விளம்பரம் என்று பயமிருந்தால் எழுதாமலே விட்டிருக்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, சரிம்மா சரிம்மா பார்க்கலாம் என்று வைத்துவிட்டாய். அக்கா, நான் உன்னைவிட ஏழு வயது சின்னவள், ஆனால் படித்ததை வைத்துச் சொல்கிறேன். அந்தப் பத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு தடவை படித்தேன். பத்திலும் விளக்கு இருக்கிறது, பத்திலும் மறந்துபோன கைகள் இருக்கின்றன, ஊர்ப் பெயரை மாற்றிப் போட்டால்கூடத் தெரியாது. எல்லாருக்கும் ஒரே அளவில் வெட்டியிருக்கிறாய். மற்ற ஒன்பது பேரையாவது நேரில் பார்த்தாயா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கதை வேண்டும் என்றாயே, நம் வீட்டில் கதையா இல்லை? ஆறு பாக்கெட் வைத்த சட்டையை வருஷக்கணக்கில் தைத்துவிட்டு, தன் சுடிதாரில் ஒரு பாக்கெட்கூட இல்லாமல், போனையும் சாவியையும் சில்லறையையும் கையில் பிடித்துக்கொண்டு பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவள் நம் அம்மா. ஒரு நாள் செந்நீர்க்குப்பம் ஸ்டாப்பில் போன் தவறி விழுந்து சக்கரத்தில் நசுங்கியது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், இருந்த சுடிதார் எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் பிரித்துப் பாக்கெட் வைத்தாள், ராணுவச் சட்டைக்கு வைக்கிற மாதிரி ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டு. அதைப் பார்த்துவிட்டு எனக்கும் ஒண்ணு வச்சுக் குடு என்று கேட்டு வந்தவள்தான் கன்னியம்மா அத்தை. அந்த நசுங்கிய போன் உன்னுடைய பழைய போன், உனக்குத்தான் இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஏன் எழுதவில்லை?

இதில் என் தப்பும் இருக்கிறது. கரண்ட் போன அன்றைக்கு எமர்ஜென்சி லைட்டில் அத்தை பட்டன் தைத்ததைப் படம் எடுத்து அனுப்பியது நான். சீட்டைப் படம் எடுத்து, என்ன ஏது என்று சொல்லாமல், அதற்குப் பக்கத்தில் ஒரு இதயம் போட்டு அனுப்பியதும் நான்தான்.

இப்போது அவசரம் என்னவென்றால், நுங்கம்பாக்கத்தில் பெண்கள் நடத்தும் சின்ன பிராண்டுகளுக்காக ஒரு கண்காட்சி, மூன்று நாள். உன் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள், அதை மறுக்கவில்லை. ஒவ்வொரு ஸ்டாலிலும் ஆள் உயரப் பலகை வைப்பார்களாம். நம் பலகையில் நீ எழுதியதை அப்படியே போடப் போகிறார்கள், வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நான் நிற்கமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். கன்னியம்மா அத்தை நாற்பது குர்த்தாவுக்கு வெட்டி அடுக்கிவிட்டாள், அவளுக்கு இந்த ஸ்டால் வேண்டும். "ஒரு பலகைக்காவ ஸ்டால வுட்டுடாத புஷ்பா, நான் வேணா அதும் முன்னால நின்னு மறைச்சிக்கிறேன், அதுக்கு ஏத்த ஒடம்புதான் நம்புளுது" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. நானே தமிழிலும் ஆங்கிலத்திலும் புதிதாக எழுதி அவர்களுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று சொன்னேன். அதற்கும் வேண்டாம் என்றாள். அவள் வேலை பார்த்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதிப்பவர் தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார், அவ்வளவுதான், தானே பிரிக்கமாட்டார், பக்கத்து மெஷின்காரியிடமும் கொடுக்கமாட்டார். சீட்டில் யார் எண் இருக்கிறதோ அவள் மேசைக்கே அந்தத் துணி திரும்பிப் போகும். தைத்தவளே பிரிக்க வேண்டும், பிரித்தவளே திரும்பத் தைக்க வேண்டும். அம்மா நீ எழுதியதை ரீசார்ஜ் கடையில் பிரிண்ட் எடுத்துவரச் சொல்லி, என்னை முழுக்கப் படிக்க வைத்து, தானே நாலு அம்பு ஒட்டியிருக்கிறாள். இந்தப் பார்சலில் அது இருக்கிறது. நான் தாண்டிப் படித்ததற்கு எனக்கு வந்த அம்புதான் இந்தக் கடிதம், அதனால்தான் நான் எழுதுகிறேன்.

முதல் அம்பு 'படிப்பறியாத' என்ற இடத்தில். அம்மா பத்தாவது பாஸ், தொழில் தேர்வு எழுதி வேலைக்குப் போனவள், அத்தையின் எழுபத்தாறு மார்க்கையும் போடச் சொல்லி அத்தை இங்கிருந்து கத்துகிறாள். இரண்டாவது விளக்கு. மெஷின் மூன்றும் கரண்டில் ஓடுபவை, கைத்தையல் எதுவும் மறையவில்லை, பட்டனைத் தவிர இங்கே அது இல்லவே இல்லை. மூன்றாவது சீட்டு. அது அன்பு இல்லை, பொறுப்பு, தப்பு வந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்பதற்காக, அதை அப்படியே எழுதினால் போதும் என்கிறாள். நாலாவது அம்பு 'தற்செயலாகக் கண்டெடுத்தேன்' என்ற இடத்தில் ஒட்டியிருக்கிறது. இதற்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். மெஷினை நிறுத்தாமலே, "அவளுக்குத் தெரியும்" என்றாள். அத்தை மட்டும், "பத்து மாசம் இவ சொமந்தா, அது தற்செயலா கண்டெடுத்துச்சாம்" என்று முணுமுணுத்தாள். அதை எழுதாதே என்று அம்மா சொன்னாள். எழுதிவிட்டேன்.

பார்சலில் உனக்கு ஒரு குர்த்தாவும் இருக்கிறது, கரும்பச்சை, நீ கேட்ட காலர் வைத்து. இந்தக் கோபத்துக்கு முன்னாலேயே வெட்டியது, தைத்தது இந்த வாரம். வலது பாக்கெட்டில் மிச்ச அம்புச் சுருளை அம்மா போட்டிருக்கிறாள். எங்கள் பக்கத்திலும் தப்பு இருக்கும், இருந்தால் இந்தக் கடிதத்தில் ஒட்டித் திருப்பி அனுப்பச் சொன்னாள். நாளைக்குக் கூரியரில் போட்டால் புதன்கிழமை உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கண்காட்சிக்காரர்களுக்கு நீயே அனுப்பிவிடு, எங்களுக்கு அனுப்ப வேண்டாம், பலகையில் பார்த்துக்கொள்கிறோம் என்று அம்மா சொல்கிறாள். ராத்திரி வெறும் பிரெட் தின்றுவிட்டுப் படுக்காதே, குக்கரில் ஒரு கைப்பிடி சாதமாவது வை. தலைக்கு எண்ணெய் வைக்கிறாயோ இல்லையோ என்று அப்பா கேட்கிறார். எதை எழுதினாலும் நீ நன்றாக எழுத வேண்டும், நாலு பேர் மதிக்க இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசீர்வாதம். அப்பாவின் ஆசியும் கன்னியம்மா அத்தையின் அன்பும்.

இப்படிக்கு,
அம்மா புஷ்பாவுக்காக, உன் தங்கை எழில்

பின்குறிப்பு: எழுதி முடித்ததை அம்மா வாங்கி முழுவதும் படித்தாள். ஒரே ஒரு இடத்தில் அம்பு ஒட்டியிருக்கிறாள், நீ மேலே பார்த்திருப்பாய், 'அம்மா அழவில்லை' என்று நான் எழுதிய வரியில். சரி, அடித்துவிட்டுத் திருத்தி எழுதுகிறேன் என்று பேனாவை எடுத்தேன். வேண்டாம், அம்போடு அப்படியே போகட்டும் என்றாள்.